ஒன்பது மணி நேரம் விளையாடிய பிறகு பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

மண்டபம் பகுதியில் ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் 26 வயது வாசகர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் விசைப்படகுகள் கரையில் நின்றுவிட்டன. அந்த 61 நாளும் ஐஸுக்குத் தேவை குறைவு என்பதால் அவருக்கு வேலையும் பாதி, சம்பளமும் பாதி. கிடைத்த ஓய்வில், கணினி விளையாட்டுகளை விற்கும் பெரிய இணையக் கடை ஒன்றில் 480 ரூபாய் கொடுத்து, பாய்மரப் படகில் கடல் கடக்கும் தமிழ் விளையாட்டு ஒன்றை வாங்கினார். அதை உருவாக்கியவர்கள் கோவையில் இருக்கும் இரண்டே பேர். ஒன்பது மணி நேரம் ஆசையாக விளையாடியிருக்கிறார். வாங்கிய 23-ஆம் நாள் ஓர் அப்டேட் வந்தது. அதன் பிறகு திறந்து பார்த்தால், அவர் சேமித்து வைத்திருந்த 11 பயணங்களில் ஒன்றுகூட இல்லை. வெறும் நீலத் திரையில் "புதிய பயணம்" என்ற ஒரே பொத்தான் மட்டும் இருந்தது. ஆட்டத்தின் சேமிப்பு இணையத்திலும் பாதுகாக்கப்படும் என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தது. அங்கேயும் எதுவும் இல்லை. கடையில் ரீஃபண்ட் கேட்டார். வாங்கி 14 நாள், விளையாடி 2 மணி நேரம் என்ற வரம்பு கடந்துவிட்டதாகச் சில நிமிடங்களில் தானியங்கிப் பதில் வந்தது. உருவாக்கியவர்களுக்கு எழுதினார். "நாங்கள் இரண்டு பேர்தான், மன்னித்துக்கொள்ளுங்கள், மூன்று வாரம் கொடுங்கள்" என்று பதில் வந்தது.

கடிதத்தின் பிற்பாதியில் அவர் வேறொன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கடந்த ஓராண்டில் சிறு குழுக்கள் உருவாக்கிய ஆறு விளையாட்டுகளை வாங்கி, இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற்றிருக்கிறார். அவற்றில் மூன்றுக்கு, "என் கணினியில் ஓடவில்லை" என்று காரணம் எழுதினார், அது உண்மையில்லை. பாம்பனில் கருவாடு விற்கும் அவருடைய அக்கா இதைக் கேள்விப்பட்டு, "தின்னுட்டு இலையத் திருப்பிக் குடுத்துக் காசு கேப்பியா?" என்று கேட்டதிலிருந்து அவருக்கு உறக்கம் சரியில்லை.

கேள்விகள் மூன்று. 480 ரூபாயோடு மன உளைச்சலுக்கு ஒரு லட்சமும் கேட்டு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா? முன்பு வாங்கிய ரீஃபண்டுகள் குற்றமா? நண்பர்கள் குழுவில் உள்ள நாற்பது பேரும் ஒரே நாளில் மோசமான மதிப்புரை எழுதி அந்த இருவரையும் பணிய வைக்கலாம் என்கிறார்களே, சேரலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் உங்கள் நேர்மைக்கு நன்றி. தமக்குப் பாதகமானதை வழக்கறிஞரிடம் சொல்லாமல் விடுகிறவர்களே அதிகம். நீங்கள் சொல்லியிருப்பதால்தான் உங்களுக்குச் சரியான பதிலைச் சொல்ல முடிகிறது. உங்கள் கடிதத்தில் இரண்டு வகையான ரீஃபண்டுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஒன்று, பிடிக்கவில்லை என்பதற்காகக் கடை தருவது. மற்றொன்று, பழுதான பொருளுக்குச் சட்டம் தருவது. முதலாவது, நீங்கள் நினைத்திருப்பதைவிட வலுக் குறைந்தது. இரண்டாவது, நீங்கள் நினைத்திருப்பதைவிட மிகவும் வலுவானது. உங்கள் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டும் இடம் மாறி நிற்பதால் வந்தது.

செவுள் பார்க்கிற நேரம்

பிடிக்காவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறுவது நுகர்வோர் சட்டம் தந்த உரிமை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. வாங்கிய பிறகு மனம் மாறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று நம்முடைய 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எங்கும் பொதுவாகச் சொல்லவில்லை. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை 2015 ஜூனில் கொண்டுவந்த ஏற்பாடு அது: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், எந்தக் காரணத்துக்காகவும் கேட்கலாம். எபிக் கடையிலும் இதே அளவுதான். ஜிஓஜி கடை 2020 முதல் 30 நாள் தருகிறது. இவை கடைகள் தாமாக வகுத்துக்கொண்ட விதிகள். தாமாக மாற்றிக்கொள்ளவும் முடியும்.

அந்த இரண்டு மணி நேரம் எதற்கு என்பதை நம் கடற்கரையில் வளர்ந்தவருக்கு விளக்குவது எளிது. மண்டபத்தில் காலையில் படகு வந்ததும், ஏலம் கேட்கிறவர் கூடைக்கு அருகில் குனிந்து, ஒரு மீனை எடுத்துச் செவுளை விரலால் தூக்கிப் பார்க்கிறார். சிவப்பாக இருந்தால் கேட்கிறார். பழுப்பேறியிருந்தால் வைத்துவிட்டுப் போகிறார். இணையத்தில் விற்கும் விளையாட்டுக்கு வாங்குமுன் பார்க்கச் செவுள் இல்லை. படமும் முன்னோட்டக் காட்சியும் உண்டு. ஆனால் உங்கள் கணினியில் அது ஓடுமா, உங்கள் கைக்கு அது வசப்படுமா என்பது வாங்கித் திறந்த பிறகே தெரியும். அதற்காகத்தான் அந்த இரண்டு மணி நேரம். ஸ்டீம் தன் விதியிலேயே, இது வாங்குவதிலுள்ள ஆபத்தைக் குறைப்பதற்கே அன்றி விளையாட்டுகளை இலவசமாகப் பெறுவதற்கான வழி அல்ல என்றும், தவறாகப் பயன்படுத்துவதாகத் தெரிந்தால் இந்த வசதியை நிறுத்திவிடுவோம் என்றும் எழுதியிருக்கிறது. அதே சமயம், வாங்கியவுடன் தள்ளுபடி வந்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலைக்கு மீண்டும் வாங்குவதைத் தவறாகக் கருதமாட்டோம் என்றும் சொல்லியிருக்கிறது. எனவே ரீஃபண்ட் கேட்பதே இழுக்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்து நிமிடத்தில் தலை சுற்றினாலும், எழுத்து சரியாகத் தெரியாவிட்டாலும், ஏன், வெறுமனே சலித்துப்போனாலும் கேட்கலாம்.

ஆனால் 90 நிமிடக் கதையை 90 நிமிடமும் விளையாடி முடித்துவிட்டுக் கேட்பது செவுள் பார்ப்பது ஆகாது. அதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். கடை கேட்டதைக் கொடுத்தது, நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள், காவல் நிலையத்துக்குப் போகிற விஷயம் இல்லை. ஓடிய விளையாட்டை ஓடவில்லை என்று எழுதிய அந்த மூன்றும் வேறு. பணம் பெறுவதற்காகத் தெரிந்தே பொய்க் காரணம் தருவதை எந்தச் சட்டமும் ஆதரிக்காது. விளையாடிய நிமிடங்கள் கடையின் பதிவில் இருக்கின்றன. அடுத்து நீங்கள் போடப் போகும் உண்மையான புகாரை அந்தப் பொய்கள் பலவீனப்படுத்தக்கூடும் என்பதுதான் உடனடியான கவலை.

480 ரூபாய் எங்கே போகிறது

ரீஃபண்ட் பணத்தைக் கடையே தருகிறது, உருவாக்கியவருக்கு இழப்பில்லை என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணத்தைத் திருத்தியே ஆக வேண்டும். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், கணக்காகவே சொல்கிறேன். 480 ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருந்தால், வரி போக ஏறத்தாழ 407 ரூபாய். கடையின் பங்கு 30 சதவீதம் என்றால் 122 ரூபாய் போய்விடும். மீதி 285 ரூபாய். இருவருக்குத் தலைக்கு 142 ரூபாய் 50 காசு. இதிலிருந்துதான் இசையமைத்தவருக்கும் படம் வரைந்தவருக்கும் கொடுக்க வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும், வருமான வரியும் கட்ட வேண்டும். நீங்கள் ரீஃபண்ட் வாங்கினால் அந்த 285 ரூபாய் அவர்களுடைய கணக்கிலிருந்தே கழியும்.

இந்த 30 சதவீதம் எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2018-இன் இறுதியில் ஸ்டீம் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, ஒரு விளையாட்டின் விற்பனை ஒரு கோடி டாலரைத் தாண்டிய பிறகு கடையின் பங்கு 25 சதவீதமாகவும், ஐந்து கோடி டாலரைத் தாண்டிய பிறகு 20 சதவீதமாகவும் குறைகிறது. அதாவது அதிகம் விற்கிறவர் குறைவாகக் கொடுக்கிறார். கோவையில் இருக்கும் அந்த இருவர் முழு 30-ஐயும் கொடுக்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் அந்த அநியாயத்தைச் சரிசெய்யும் பொறுப்பு உங்கள் தலையில் இல்லை.

குறுகிய விளையாட்டை உருவாக்குகிறவர்கள் இதனால் என்ன ஆகிறார்கள் என்பதற்கு எடுத்துக்காட்டாக ஒரு நிகழ்வு உண்டு. 2021 ஆகஸ்டில் 'சம்மர் ஆஃப் 58' என்ற திகில் விளையாட்டை வெளியிட்ட எமிகா கேம்ஸ், விளையாட்டு உருவாக்குவதையே காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. விளையாட்டின் நீளம் இரண்டு மணி நேரத்தை எட்டாததால், நல்ல மதிப்புரைகள் கிடைத்தும் ஏராளமானோர் ரீஃபண்ட் வாங்கிக்கொண்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தச் செய்தியைப் படித்த பலர் அப்போது, நீளமான விளையாட்டாக உருவாக்கியிருக்கலாமே என்று கேட்டார்கள். சிறுகதை எழுதியவரை நாவல் எழுதச் சொல்வது போன்ற கேள்வி அது.

உங்கள் அக்கா கேட்டதற்கு என் பதில் இது. அந்த ஆறில் எவற்றை முழுமையாக விளையாடி ரசித்தீர்களோ அவற்றை, தடைக்காலம் முடிந்து சம்பளம் சீரானதும், ஒவ்வொன்றாக மீண்டும் வாங்கிவிடுங்கள். சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆறையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டியதும் இல்லை. பொய்க் காரணம் எழுதிய மூன்றிலிருந்து தொடங்குங்கள்.

பழுதுக்குக் காலக்கெடு வேறு

இப்போது பாய்மரப் படகு விளையாட்டுக்கு வருகிறேன். 14 நாள் கடந்துவிட்டதால் உரிமை போய்விட்டது என்று நீங்கள் பாதி நம்பிவிட்டீர்கள். போகவில்லை. அந்த 14 நாள், மனம் மாறியவருக்குக் கடை வைத்த எல்லை. பழுதான பொருளை வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது.

சட்டம் பழுது என்பதற்குத் தரும் விளக்கம் விரிவானது. தரத்தில் குறை மட்டுமல்ல, விற்பவர் எந்த வகையிலாவது சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டாலும் அது பழுதே. சேமிப்பு இணையத்தில் பாதுகாக்கப்படும் என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்த அந்த ஒரு வரிதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. தரவிறக்கம் செய்யும் விளையாட்டு பொருளா, சேவையா என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். பொருள் என்றால் பழுது, சேவை என்றால் குறைபாடு, இரண்டுக்கும் இந்தச் சட்டத்தில் தீர்வு உண்டு. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது அதன் 2(47)-ஆம் பிரிவு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருட்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருளுக்கு ரீஃபண்ட் மறுக்கக் கூடாது என்கின்றன. இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டுக் கடைக்கும் அவை பொருந்தும். வழக்குப் போடுவதற்கு, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

வெளிநாட்டு நீதிமன்றத்துக்கோ நடுவர் மன்றத்துக்கோ மட்டுமே போக வேண்டும் என்று கடையின் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதாகக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். நடுவர் மன்ற ஒப்பந்தம் இருப்பது நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைத்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் எம்மார் எம்ஜிஎஃப் எதிர் அஃப்தாப் சிங் வழக்கில் 2018-இல் சொல்லிவிட்டது. கடையின் விதி நாட்டின் சட்டத்துக்கு மேலே போக முடியாது என்பதற்கு வெளிநாட்டு உதாரணமும் உண்டு. ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில், ரீஃபண்ட் உரிமை பற்றித் தவறாகச் சொன்னதற்காக, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு 2016 டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். வாங்கும்போது அது முழுமையடையாத முன்பதிப்பு என்று பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்ததா? எழுதியிருந்தால் சிறுசிறு தடுமாற்றங்களைப் பழுது என்று சொல்ல முடியாது. அப்போதும், உண்டு என்று உறுதி சொன்ன அம்சம் அறவே இல்லாதது பழுதாகவே நிற்கும் என்பது என் கருத்து.

யார்மேல், எவ்வளவு

இந்த இடத்தில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது சட்டம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. பெரிய நிறுவனத்தின் முன் நிற்கும் தனி மனிதரை மனதில் வைத்து எழுதிய ஏற்பாடு அது. நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறவன். ஆனால் கோவையில் இருக்கும் அந்த இருவரை எதிர்மனுதாரராக்கி ராமநாதபுரத்துக்கு அழைத்தால் என்ன நடக்கும்? வழக்கறிஞரை அமர்த்த வேண்டும், வேலையை விட்டுவிட்டு வர வேண்டும், காணொளி விசாரணை கிடைத்தாலும் பதில் மனுவும் ஆவணங்களும் தயாரிக்க வேண்டும். உங்களை மாதிரி எத்தனையோ பேருக்காக அந்தப் பழுதைச் சரிசெய்ய வேண்டிய நாட்கள் அதில் போய்விடும். ஒரு லட்சம் என்ற தொகை அவர்களை மிரட்டும். ஆணையத்திடம் உங்கள் மதிப்பையும் குறைக்கும். 11 பயணங்களை இழந்த வருத்தம் உண்மையானது, அதை நான் சிறிதாக்கவில்லை. இருந்தாலும் 480 ரூபாய்ப் பொருளின் பழுதுக்கு அது அளவான தொகை இல்லை.

உங்கள் முதல் கோரிக்கை கடையை நோக்கியே இருக்க வேண்டும். பணத்தை வாங்கியது கடை, ரசீது கொடுத்தது கடை, ரீஃபண்ட் விதியை வகுத்ததும் மறுத்ததும் கடை. இந்தியாவில் விற்கும் மின்வணிக நிறுவனம் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தானியங்கிப் பதிலோடு நின்றுவிட்ட நீங்கள் இந்தப் படிக்கு இன்னும் போகவே இல்லை.

உருவாக்கியவர்கள் கேட்ட மூன்று வாரத்தைக் கொடுங்கள் என்றே சொல்வேன். அவர்கள் பழுதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவகாசம் கொடுப்பதால் உங்கள் உரிமையில் ஒரு துளியும் குறையாது. அதை எழுத்தில், தேதியோடு கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சில ஆண்டுகளுக்கு முன் பாம்பன் நாட்டுப்படகுக்காரர் ஒருவர், கடலில் திசை காட்டாமல் நின்றுபோன ஜிபிஎஸ் கருவியோடு என்னிடம் வந்தார். கடைக்காரரிடம் ஏழெட்டு முறை வாய்மொழியாகக் கேட்டிருக்கிறார். கையில் ஒரு காகிதம் இல்லை. 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரே ஒரு பதிவுத் தபால் அனுப்பினோம். பன்னிரண்டாம் நாள் புதுக் கருவி வந்தது. வழக்குக்குத் தேவையே ஏற்படவில்லை.

வங்கியில் புகார் செய்து பணத்தை மடக்கிப் பிடிக்கலாம் என்று நண்பர் சொன்னதை இப்போதைக்குச் செய்யாதீர்கள். அப்படிச் செய்கிறவர்களின் கணக்கையே முடக்கிவிடும் கடைகள் உண்டு; நீங்கள் வாங்கி வைத்திருக்கும் மற்ற விளையாட்டுகளும் அதில் மாட்டிக்கொள்ளும்.

நாற்பது பேர் சேர்வது

சேர வேண்டாம். அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் விளையாட்டை வாங்கியவர்கள்? வாங்காதவர் நண்பருக்காக எழுதும் மதிப்புரை பொய் மதிப்புரை. நீங்கள் ஒருவர், உண்மையை மட்டும், எந்த அப்டேட்டுக்குப் பிறகு என்ன காணாமல் போனது என்று எழுதுங்கள். சரிசெய்தால் அதையும் அதே இடத்தில் சேருங்கள். பழுதை மட்டும் சொல்லுங்கள். ஏமாற்றுக்காரர்கள், திருடர்கள் என்ற சொற்கள் அவதூறு வழக்குக்கு வழிவைக்கும். உங்களைப் போலவே சேமிப்பை இழந்த மற்றவர்கள் உண்மையாகவே இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்குமாக ஒரே புகார் கொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு இடம் தருகிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

விற்பனைப் பக்கத்தில் அந்த வரி இருக்கும் இடத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளை அதை மாற்றிவிடலாம். ரசீது, வெற்றுத் திரை, தானியங்கிப் பதில், உருவாக்கியவர்களின் கடிதம் ஆகியவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். பிறகு கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுதி, உருவாக்கியவர்களுக்கும் நகல் அனுப்புங்கள். வாசகம் இந்த அளவில் இருந்தால் போதும்:

"இந்தத் தேதியில் 480 ரூபாய்க்கு இந்த விளையாட்டை வாங்கினேன். சேமிப்பு இணையத்தில் பாதுகாக்கப்படும் என்று உங்கள் பக்கம் சொன்னது. இந்தத் தேதியில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு என் 11 சேமிப்புகளும் அழிந்தன. இணையத்தில் நகல் இல்லை. இது மனமாற்றத்தால் கேட்கும் ரீஃபண்ட் அல்ல, பழுதுக்காகக் கேட்பது. உருவாக்கியவர்கள் கேட்ட மூன்று வார அவகாசத்தைக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் என் சேமிப்புகள் மீண்டால் இந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெறுவேன். மீளாவிட்டால், இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும்."

உங்கள் முந்தைய ரீஃபண்டுகளைப் பற்றி இதில் எழுத வேண்டியதில்லை. ஆனால் யாராவது கேட்டால் மறைக்காதீர்கள். 30 நாள் கழிந்தும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், புகார் எண் தருவார்கள். அதிலும் தீராவிட்டால், நுகர்வோர் ஆணையங்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையத்தளம் வழியாக, மண்டபத்தில் இருந்தபடியே ராமநாதபுரம் மாவட்ட ஆணையத்தில் புகார் பதியலாம். அந்தப் புகாரில் கடையை முதல் எதிர்மனுதாரராகக் காட்டுங்கள். தொகையாக 480 ரூபாயையும், நீங்கள் உண்மையில் செய்த செலவையும், ஆணையம் தகுதியெனக் கருதும் இழப்பீட்டையும் கேளுங்கள். கடிதத்தை அனுப்பிய நாளையும் அது கிடைத்ததற்கான பதிலையும் குறித்து வையுங்கள். அந்த 30 நாளை அங்கிருந்துதான் எண்ண வேண்டும்.